அமுக்கினாலும் பிடிக்காத கட்டம்

"நான் சென்சார் லைன்ல இருக்கேன் சார்" என்று அரவிந்தன் சொல்லியிருக்கக் கூடாது.

'கார் பின்னால் வரும்போது கீ கீ என்று கத்துமே, அதை மாட்டிக் கொடுக்கிற கடையில் வேலை' என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். ஆனால் பெண் கேட்டு வந்த இடத்தில் எவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான்? அதுவும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ரயில் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து ரிட்டையர் ஆன முருகானந்தம். அவர் முன்னால் 'ரிவர்ஸ் ஹாரன்' என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

"சென்சாரா?" முருகானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. சுபா, அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா."

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் இருந்த அந்த வீட்டின் கூடத்தில் அரவிந்தனுக்கு வியர்க்கத் தொடங்கியது. கதவோரம் நின்றிருந்த மகள் கலைமதி, 'ஏன் இப்படி வாயை விட்டாய்?' என்பதுபோல் பார்த்தாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் வேன்களுக்கு ரிவர்ஸ் சென்சார் மாட்டப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். அவளுக்கு அவன் வித்தையின் ஆழம் தெரியும். முழங்கால்கூட நனையாது.

கலைமதியின் அம்மா சுபலட்சுமி ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. தைல வாசனை வந்தது.

"செஸ் கம்ப்யூட்டர்" என்றார் முருகானந்தம். "என் மாமனார் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்தது. அப்புறம் என்கிட்ட வந்துச்சு. எதிராளி வேண்டாம், மிஷினோடவே ஆடலாம்."

பார்க்கச் சாதாரணச் செஸ் பலகைதான். காயை அது நிற்கிற கட்டத்திலேயே ஒருமுறை அமுக்க வேண்டும், 'பீப்' என்னும். போக வேண்டிய கட்டத்தில் வைத்து இன்னொருமுறை அமுக்க வேண்டும், மறுபடி 'பீப்'. பிறகு மிஷின் யோசித்து, ஓரங்களில் இருக்கிற குட்டிச் சிவப்பு விளக்குகளை எரியவிட்டுத் தன் காயை எங்கே நகர்த்துவது என்று சொல்லும். தப்பான இடத்தில் அமுக்கினால் 'கீ' என்று வீடு அதிரக் கத்தும். 

"அறுபத்து மூணு கட்டம் நல்லாப் பிடிக்குது. இந்த ஒண்ணுதான் அமுக்கினா பிடிக்க மாட்டேங்குது" என்று நடுவில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ராஜாவுக்கு நேர் முன்னால் நிற்கிற சிப்பாய், முதல் அடியில் இரண்டு கட்டம் தாண்டி வந்து நிற்கிற இடம். பாதி உலகம் ஆட்டத்தை அங்கேதான் தொடங்குகிறது.

"சின்ன வேலைதான் சார்" என்றது அரவிந்தனின் வாய், அவனைக் கேட்காமலே.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை சரி பண்ணி எடுத்துட்டு வாங்க தம்பி. உக்காந்து ஒரு ஆட்டம் ஆடுவோம். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." கூடவே, "தஞ்சாவூர்ல ஒரு பல் டாக்டர் வீட்டுல கேட்டிருக்காங்க. அதுக்கு மறுநாள் திங்கட்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கலைமதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"சின்ன வேலையா?"

"ஒரு கட்டம்தானே கலை. ஆமா, இன்ஜினையே பிரிச்சவரு, இதை ஏன் அவரே சரி பண்ணலை?"

"கேட்டா கண்ணு தெரியலைங்கிறார். எனக்கு விவரம் தெரிஞ்சதிலேர்ந்து தினம் சாயங்காலம் அதுலதான் ஆடுவார். அம்மாவுக்குச் செஸ்ஸுன்னா என்னன்னே தெரியாது, ஆனாலும் பக்கத்துல உக்காந்து காய் நறுக்கிட்டே இருப்பாங்க. இப்ப ஆறு மாசமா மிஷினைத் தொடறதே இல்லை. அரவிந்து, எனக்குப் பல் டாக்டர் வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம்" என்றான் அரவிந்தன் உருக்கமாக.

திங்கட்கிழமை சாயங்காலம் கே.கே. நகரில் தன் அறையில் மிஷினைக் கவிழ்த்துப் போட்டுத் திறந்தான். உள்ளே ஒரு இருபத்தைந்து பைசா, இரண்டு பல்லி முட்டை ஓடு, கருப்பு வயரில் தொங்கிக்கொண்டிருந்த உருண்டையான ஏதோ ஒரு பழைய சாமான். எவனோ ஒரு அரைகுறை மெக்கானிக் விட்டுவைத்த குப்பை என்று மூன்றையும் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டான். சுத்தம் செய்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

பலகைக்கு அடியில் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். ஒன்றில் நீளக் கோடுகள், இன்னொன்றில் குறுக்குக் கோடுகள், கருப்பு மையால் போட்டவை. மேலே அமுக்கினால் அந்த இடத்தில் இரண்டு கோடும் தொட்டுக்கொள்ளும், மிஷின் புரிந்துகொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. கெட்டுப்போன கட்டத்தில் அழுக்கு படிந்திருக்கும் என்று முடிவு கட்டினான்.

"எதால துடைக்கிறது?" என்று போனில் கேட்டான்.

"நெயில் பாலிஷ் எடுக்கிற தண்ணி எதையும் துடைச்சிடும்" என்றாள் கலைமதி.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கி வந்து பஞ்சில் தொட்டுத் துடைத்தான். அழுக்கு போனது. கூடவே கருப்புக் கோடும் போனது.

"என்ன ஆச்சு?" என்று கலைமதி மறுபடி போனில் கேட்டாள். 

"ஒண்ணு கெட்டிருந்துச்சுல்ல? இப்ப எட்டு."

"எட்டு சரியாயிடுச்சா?"

"எட்டு கெட்டுப்போச்சு. அந்த வரிசையே அவுட்டு."

மறுநாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அரவிந்தனுக்கு யோசனை வருவதுதான் எப்போதும் ஆபத்து. போன கோட்டுக்குப் பதில், பரோட்டா சுற்றி வந்த அலுமினியத் தாளைக் கழுவி, மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டினான். மிஷினை ஆன் செய்து ஒரு சிப்பாயை அமுக்கினான். மிஷின் மூன்று 'பீப்' போட்டது. யானையை அமுக்கினான். இந்தக் கோடியில் யானை, அந்தக் கோடியில் குதிரை, நடுவில் ஒன்றுமில்லாத கட்டம் எல்லாம் சேர்ந்து நகர்ந்ததாக நினைத்துக்கொண்டு மிஷின் 'கீ' என்று அலறியது. அதை நிறுத்தவே முடியவில்லை. பேட்டரியைப் பிடுங்கினான். அறையில் இன்னும் பரோட்டா சால்னா வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவனுக்குக் குரங்குகூடத் தேறவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பாலக்கரையில் பஷீர் அகமது கடைக்கு ஓடினான். டேப் ரெக்கார்டர், ரேடியோ, மிக்ஸி, எது வந்தாலும் திருப்பி அனுப்பாத மனிதர் என்று அவன் வேலை பார்க்கிற கடையில் சொல்லியிருந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"எந்தக் கடை பரோட்டா தம்பி?"

அரவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முதல்ல எத்தனை கட்டம் கெட்டிருந்துச்சு?"

"ஒண்ணு பாய்."

"இப்ப?"

"எண்ணினவரைக்கும் இருபத்தி மூணு."

"மாஷா அல்லாஹ். இன்னும் ரெண்டு நாள் உங்க கையில இருந்தா அறுபத்து நாலையும் முடிச்சிருப்பீங்க. யார் வீட்டு மிஷின்?"

அரவிந்தன் சொன்னான். பெண், அப்பா, ஞாயிற்றுக்கிழமை, பல் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னான். பஷீர் அகமது பூதக்கண்ணாடியைக் கழற்றி அவனை நேராகப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? சனிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிச்சிட்டு வந்து உக்காந்திருப்பேன், வாங்க. வேற எல்லா வேலையையும் ஓரங்கட்டிடறேன்."

சனிக்கிழமை போனபோது அவர் முகம் பாதி சிரித்தது. வெள்ளி மையை ஒற்றை முடித் தூரிகையில் தொட்டு, கோடுகளையெல்லாம் புதிதாக இழுத்திருந்தார். அறுபத்து மூன்று கட்டங்கள் தொட்டால் சிணுங்கிபோல் பிடித்தன. 

"அந்த ஒண்ணு?" 

"அது நடக்காது தம்பி. அந்த இடத்துல தாளே ஓட்டை. இது நீங்க போட்ட ஓட்டை இல்லை, பயப்படாதீங்க, ரொம்பப் பழைய ஓட்டை. புதுத் தாள் வாங்கலாம்னா, இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இருக்கான்னு தெரியலை."

அரவிந்தன் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எட்டு, இருபத்து மூன்று என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பழைய ஒன்றுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கலைமதி தஞ்சாவூரில் பல் செட்டுகளுக்கு நடுவே குடித்தனம் பண்ணப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. நிஜமாகவே அழுகை வந்தது.

"அழாதீங்க. ஒரு வழி இருக்கு" என்றார் பஷீர் அகமது குரலைத் தாழ்த்தி. "கட்டத்தை அமுக்கினா என்ன ஆவுது? ரெண்டு கோடும் தொட்டுக்குது. அந்த ரெண்டு கோட்டையும் ரெண்டு வயரா வெளியே இழுத்துட்டா, அந்தத் தொடுறதை நாம எங்கே வேணாலும் வச்சுக்கலாம். ஒரு காலிங் பெல் சுவிட்சைக் கோத்துடறேன். உங்க ஆளு பக்கத்துல உக்காந்து, அவங்க அப்பா அந்தக் கட்டத்துல காயை அமுக்கும்போது இவங்க இங்கே சுவிட்சை அமுக்கணும். மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது."

"பாய், இது மோசடி இல்லையா?"

"கல்யாணம் தம்பி" என்றார் பஷீர் அகமது. மிஷினைத் திருப்பிப் பார்த்தவர், "பின்பக்கம் ஏற்கெனவே வயர் போற அளவுக்கு ஒரு துளை இருக்கு. வசதியாப் போச்சு" என்று வேலையைத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மிஷின் ஸ்ரீரங்கத்துக் கூடத்து மேஜையில் ஏறியது. வயரை எப்படி மறைப்பது என்று அரவிந்தன் முழித்துக்கொண்டிருந்தபோது, சுபலட்சுமி ஒரு பெரிய மேஜை விரிப்பைக் கொண்டுவந்து, "மேஜை மொட்டையா இருக்கு" என்று நாலு பக்கமும் தரையைத் தொட விரித்தார். மகராசி நன்றாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வாழ்த்திக்கொண்டு வயரை விரிப்புக்கு அடியில் விட்டான்.

கலைமதி பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். சுவிட்ச் கீரைக்கு அடியில் இருந்தது.

"என்னடி அதிசயமா இருக்கு?" என்றார் அம்மா.

"சும்மாதாம்மா."

முருகானந்தம் ராஜா சிப்பாயை எடுத்தார். நின்ற இடத்தில் அமுக்கினார். பீப். இரண்டு கட்டம் முன்னால் வைத்து அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. கலைமதி அரவிந்தனின் சட்டை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரவிந்தன் இருமினான். காசநோய்க்காரன்போல் இருமினான்.

பீப்.

"கொஞ்சம் லேட்டாப் பிடிக்குதே?"

"பழைய மிஷின் சார். யோசிச்சுப் பிடிக்கும்."

"நகர்த்தினது நான். அது ஏன் யோசிக்கணும்?" என்றார் முருகானந்தம். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த மனிதர் ஆடியது ஆட்டமே இல்லை, அரவிந்தனைப் பொறுத்தவரை அது விசாரணைக் கமிஷன். சிப்பாய் வெட்டுப்பட்டதும் அதே கட்டத்துக்குக் குதிரை வந்தது. குதிரை போனதும் பிஷப் வந்தது. பலகையில் மீதி அறுபத்து மூன்று கட்டம் இருப்பதே மறந்துபோனவர்போல் எல்லாக் காயையும் அங்கேயே கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொரு முறையும் கீரைக்குள் விரல் அமுங்கியது. பீப்.

நடுவில் வாசலில் காலிங் பெல் அடித்தது. கொரியர்காரர். கலைமதி திடுக்கிட்டுச் சுவிட்சை அமுக்கிவிட்டாள். யாரும் தொடாத பலகை 'கீ' என்று அலறியது.

"என்ன தம்பி, தானா கத்துது?"

"பெல் சத்தத்துக்குப் பயந்திருக்கும் சார்."

முருகானந்தம் அவனையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். உண்மையில் அவர் பலகையைவிட மகளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலை, அடுப்புல பால் பொங்குதான்னு பாரும்மா."

"கால் மரத்துப்போச்சுப்பா."

"அப்ப ஒரு சொம்பு தண்ணியாவது..."

"நான் கொண்டு வரேன் சார்!" என்று அரவிந்தன் துள்ளி எழுந்து, முன்பின் நுழைந்தறியாத சமையலறைக்குள் பாய்ந்தான். அங்கே சுபலட்சுமி தண்ணீர்ச் சொம்பைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அடுப்பில் பாலே இல்லை. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு அப்போது நேரமில்லை. 

இரண்டு மணி நேரம் ஆயிற்று. இலையெல்லாம் ஆய்ந்து முடித்த கலைமதி, காம்புகளை ஆய்ந்தாள். பிறகு ஆய்ந்த காம்பையே மறுபடி ஆய்ந்தாள். முறம் வெறுமையாகி, வெள்ளைச் சுவிட்சின் விளிம்பு எட்டிப் பார்த்தது. அரவிந்தன் கண்ணை மூடிக்கொண்டு மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்றான்.

கண்ணைத் திறந்தபோது சுபலட்சுமி இன்னொரு கட்டுக் கீரையை முறத்தில் கொட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மிஷின் முருகானந்தத்தின் ராஜாவை மூலையில் மடக்கியது. அவர் தோற்றுப்போனதில் அப்படி ஒரு சந்தோஷப்பட்டார்.

"நல்லாப் பிடிக்குது" என்றார். "திங்கட்கிழமை எதுக்கு, இப்பவே தஞ்சாவூருக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடறேன். வைகாசியில முகூர்த்தம் பார்க்கலாமா?"

அரவிந்தனுக்குக் கேட்டதை நம்ப முடியவில்லை. கலைமதியைப் பார்த்தான். அவள் கட்டைவிரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. இவளுக்காக இன்னும் பத்து மிஷினைக் கெடுக்கலாம் என்று தோன்றியது. அதோடு, பொய்யில் தொடங்கினால் விடியுமா என்றும் உறுத்தியது.

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும். இந்த மிஷின்..."

கலைமதி முறத்துக்கு அடியிலிருந்து அவன் காலை மிதித்தாள்.

"மிஷினை விடுங்க தம்பி. இனிமே சார் இல்லை, மாமா" என்றார் முருகானந்தம். சட்டையை மாட்டிக்கொண்டு, தெருமுனையில் ஸ்வீட் வாங்கி வருவதாகச் சைக்கிளை எடுத்தார். போகும்போது ஏதோ பழைய பாட்டை விசிலடித்துக்கொண்டு போனார்.

கூடத்தில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். சுபலட்சுமி தைலப் புட்டியைத் திறந்து, மகளின் கையை இழுத்து மடியில் வைத்து, சிவந்த விரலில் மெதுவாகத் தடவினார். தடவிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"தம்பி, உள்ளே கருப்பா, உருண்டையா ஒரு பெல் சுவிட்ச் இருந்திருக்குமே, அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? எங்கப்பா முன்னாடி இவர் இதே மாதிரி பரீட்சைக்கு உக்காந்த அன்னிக்கு ஆரம்பிச்சு, முப்பது வருஷமா அதை அமுக்கி அமுக்கித்தான் என் கட்டைவிரலே போச்சு."